எட்டு வாங்கினால் மூன்றேகால் காட்டுகிறதே! - கணனியின் நினைவகக் கணக்கு

கணனி பற்றிய எனது உரையில் நேரம் போதாமல் பாதியில் நிறுத்திய விடயத்தை இம்மடலில் முழுமையாக எழுதித் தருகிறேன். எழுத்தில் இருந்தால் கணனிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கலாம் என்று நேயர்கள் பலர் கேட்டிருந்தார்கள். விடயம் இதுதான்: கணனிக்குள் 8 கிகாபைட் நினைவகம் இருப்பதாகக் கடைப் பற்றுச்சீட்டு சொல்கிறது. கணனியோ 4 என்கிறது, சிலவேளை 3.24 என்கிறது. மிச்சம் எங்கே போனது?

2019ஆம் ஆண்டு யூலை மாதம், நல்ல குளிர் ஞாயிற்றுக்கிழமை. ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு, சிற்றுண்டிச்சாலையில் தோசைக்கு வரிசையில் நின்றேன். 1985இல் கும்பாபிஷேகம் கண்ட இந்தக் கோயிலுக்கு, சிட்னி நகரிலிருந்து தெற்கே 45 கிலோமீற்றர் அளவில் வரவேண்டும். அவ்வளவு தூரம் வருகிறவர்கள் சாமியை மட்டும் பார்த்துவிட்டுப் போவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கல்யாணப் பேச்சு, வரிக் கணக்கு, விசாக் கடிதம் எல்லாம் அந்தத் தோசை மேசையில்தான் நடக்கும். அன்று நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணை, நீங்கள்தானே ரேடியோவிலை கொம்பியூட்டர் பற்றிக் கதைக்கிறனீங்கள்?"

"ஓம், சொல்லுங்கோ தம்பி."

"என்னை ஏமாத்திப் போட்டாங்கள் அண்ணை. எட்டு எண்டு சொல்லி வித்தவங்கள், உள்ளை நாலுதான் கிடக்கு. கார் டிக்கியிலை கொண்டு வந்திருக்கிறன். ஒருக்காப் பாப்பியளோ?"

பாவித்த கணனி ஒன்று. எதற்கு வாங்கினார் என்று கேட்டேன். தொண்ணூறுகளில் அவருடைய தாயார் வன்னியிலிருந்து வெளியே வருகிறவர்களின் கையில் கசெற்றில் பேசி அனுப்பியிருக்கிறார். மொத்தம் பதினொரு கசெற்றுகள். தாயார் 2009இல் இல்லாமற் போய்விட்டார். இனி அந்தக் குரல் அந்த நாடாக்களில் மட்டும்தான். அதைக் கணனியில் ஏற்றி வைக்கவே இவர் இந்தப் பெட்டியை வாங்கினார். ஆனால் பதியும்போது சில நிமிடங்களுக்கு ஒருமுறை குரல் அறுந்து அறுந்து வருகிறது. முதலாவது கசெற்றை மட்டும் ஐந்து தடவை ஓடவிட்டிருக்கிறார்.

நான் முதலில் சொன்னது, இனி ஒரு தடவைகூட அதை ஓடவிடாதீர்கள் என்பதுதான். கசெற் நாடா ஓடும் ஒவ்வொரு தடவையும் பிளேயரின் தலையில் உரசிக்கொண்டுதான் போகிறது. 90 நிமிடக் கசெற்றின் நாடா 60 நிமிடக் கசெற்றினதை விட மெல்லியது. கணனியைச் சரிசெய்துவிட்டு ஒரே ஓட்டத்தில் பதிந்து எடுப்பதுதான் புத்தி.

ஹெலன்ஸ்பர்க்கிலேயே கோயிலுக்குக் கிட்ட இருக்கும் நண்பர் ஒருவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கணனியை இறக்கினோம். இனி வருவது எல்லோருக்குமானது.

மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள்

கணக்காளனுக்கு இது புதிய பிரச்சினை அல்ல. வங்கிப் புத்தகம் ஒரு தொகை சொல்லும், காசேடு இன்னொன்று சொல்லும். உடனே "வங்கி களவெடுத்துவிட்டது" என்று எவரும் கத்துவதில்லை. வங்கிக் கணக்கிணக்கக் கூற்று எழுதி, வித்தியாசம் எந்த இடத்தில் பிறந்தது என்று பார்ப்போம். இங்கும் அதே வழிதான். மூன்று இடங்களில் மூன்று எண்களை எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள்.

முதலாவது, உண்மையில் உள்ளே பொருத்தியிருப்பது எவ்வளவு என்பது. இதைப் பற்றுச்சீட்டிலும், பெட்டியைத் திறந்து றாம் தகட்டில் ஒட்டியிருக்கும் சீட்டிலும் பார்க்கலாம்.

இரண்டாவது, பயோஸ் என்னும் அடிப்படை நிரல் காணும் அளவு. கணனியைப் போட்டவுடன் டிலீற் விசையையோ எஃப்2 விசையையோ தட்டிக்கொண்டிருந்தால் அந்தத் திரை வரும். எந்த விசை என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். முதற் திரையில் ஒரு கணம் எழுதிக் காட்டும், கவனியுங்கள். மொத்த நினைவகம் இவ்வளவு மெகாபைட் என்று அங்கே இருக்கும். 4,096 என்றால் 4 கிகாபைட், 8,192 என்றால் 8.

மூன்றாவது, விண்டோஸ் காட்டுவது. செற்றிங்ஸ், சிஸ்ரம், அபௌட் என்று போனால், "இன்ஸ்ரோல்ட் றாம்" என்ற வரியில் ஓர் எண்ணும் அதன் பக்கத்தில் அடைப்புக்குள் "பாவிக்கக்கூடியது" இன்னோர் எண்ணும் இருக்கும்.

பயோஸ் காட்டும் எண்ணே குறைவாக இருந்தால் பிழை வன்பொருளில் இருக்கிறது. விண்டோஸை எத்தனை தடவை மாற்றிப் போட்டாலும் பயனில்லை. பயோஸ் சரியாகக் காட்டி விண்டோஸ் மட்டும் குறைத்தால், தகடுகளைத் தொடவே வேண்டாம். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் புதுத் தகடு வாங்கிக் காசைக் கரைத்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர்.

தம்பியின் கணனியில் பற்றுச்சீட்டு 8. பயோஸ் 4,096 மெகாபைட். விண்டோஸ் 10 காட்டியது 4.00, அதில் பாவிக்கக்கூடியது 3.24. ஆகவே மொத்த வித்தியாசம் 4.76. (கசெற் நாடா ஓடும் வேகமும் ஒரு செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர்தான். வெறும் தற்செயல். ஆனால் எண்களோடு வாழ்கிறவனுக்கு இதையெல்லாம் பார்க்காமல் இருக்க முடியாது.) இந்த 4.76 ஒரு பிழையல்ல, இரண்டு பிழைகளின் கூட்டு. நான்கு கிகாபைட் பயோஸுக்கு முன்பே தொலைந்திருக்கிறது. மீதி 0.76 விண்டோஸுக்குள் தொலைந்திருக்கிறது. பரீட்சை மீதி பொருந்தாதபோது வித்தியாசம் முழுவதையும் ஒரே பிழையாகத் தேடுகிறவர் விடியும் வரை தேடிக்கொண்டிருப்பார்.

பயோஸுக்கு முன் தொலைந்தது

பெட்டியைத் திறக்குமுன் மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. கழற்றிய பின் பவர் பொத்தானைச் சில செக்கன்கள் அமத்தினால் உள்ளே தங்கியிருக்கும் மின்னும் வடிந்துவிடும். குளிர்காலத்தில் கம்பளி மேற்சட்டையோடு காப்பெட்டில் நடந்துவிட்டு நேரே தகட்டைத் தொடாதீர்கள். உடம்பில் ஏறியிருக்கும் நிலைமின் ஒரு தகட்டைக் கொல்லப் போதும். பெட்டியின் நிறம் பூசாத உலோகப் பகுதியை முதலில் தொட்டுக்கொள்ளுங்கள். பவர் சப்ளை என்ற மூடிய பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம்.

திறந்து பார்த்தோம். நான்கு ஸ்லொட்டுகள், இரண்டில் தகடுகள், ஒவ்வொன்றிலும் 4 கிகாபைட் என்று சீட்டு. அதாவது விற்றவர் ஏமாற்றவில்லை. தம்பியின் முகம் அந்த இடத்திலேயே பாதி தெளிந்தது. திறக்காமலே இதை ஓரளவு அறியலாம்: விண்டோஸ் 10இல் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். அதில் பெர்ஃபோமன்ஸ், மெமரி என்று போனால் நான்கு ஸ்லொட்டுகளில் எத்தனை பாவனையில் உள்ளன என்று ஒரு வரி இருக்கும். அங்கே "நான்கில் ஒன்று" என்றிருந்தது. கண்ணால் காண்பது இரண்டு, கணனி காண்பது ஒன்று.

இனி மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான். ஒரே நேரத்தில் இரண்டு விடயத்தை மாற்றாதீர்கள். முதலில் இரண்டு தகடுகளையும் கழற்றி அமுக்கிப் பூட்டினோம். தகடு இறங்கும்போது இரு பக்கக் கொழுவியும் "டிக்" என்று தானாக மூடவேண்டும். சில மதர்போட்டுகளில் ஒரு பக்கம் மட்டுந்தான் கொழுவி இருக்கும், பயப்பட வேண்டாம். பாதிப் பேரின் பிரச்சினை இந்த ஒரு அமுக்கலிலேயே தீர்ந்துவிடும். வீடு மாறும்போது காரில் குலுங்கி வந்த கணனிகளில் இது சர்வ சாதாரணம்.

எங்களுக்குத் தீரவில்லை. அதே 4,096. காணாமற்போன தகட்டை மட்டும் எடுத்து, வேலை செய்கிற ஸ்லொட்டில் போட்டோம். கணனி அதைக் கண்டது. அப்படியானால் தகடு நல்லது. நல்ல தகட்டை எடுத்து மற்ற ஸ்லொட்டில் போட்டோம். காணவில்லை. ஆகவே பிழை ஸ்லொட்டில். ரோர்ச் அடித்துப் பார்த்தால் அடியில் பஞ்சு போலத் தூசி படிந்திருந்தது. மென்மையான தூரிகையால் தட்டிவிட்டு, நண்பர் தன் கசெற் பிளேயரின் தலையைத் துடைக்க வைத்திருந்த ஐசோபுரோப்பைல் அல்ககோலைத் தூரிகையில் தொட்டுத் தடவி, நன்றாகக் காயும் வரை தேநீர் குடித்தோம். தகட்டின் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் தேய்ப்பவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. அந்தப் பொன்முலாம் மிக மெல்லியது. அல்ககோல் நனைத்த துணியே போதும்.

பூட்டிப் போட்டபோது பயோஸ் 8,192 என்று காட்டியது. நான்கு கிகாபைட் திரும்பி வந்துவிட்டது, ஒரு சதச் செலவில்லாமல்.

உங்கள் வீட்டில் தூசி துடைத்தும் தீராவிட்டால் பார்க்கவேண்டியவை வேறு சில. தகடு அந்த மதர்போட்டுக்கு உரிய இனம்தானா? டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஆகியவற்றின் வெட்டுப்பள்ளம் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் மாறிப் பூட்டவே முடியாது. பூட்ட முடியவில்லையென்றால் பலத்தைப் பாவிக்காதீர்கள். ஆனால் வெட்டு ஒத்துப்போனாலும் ஒத்துவராத தகடுகள் உண்டு. ஏலத் தளங்களில் மலிவாக வரும் சேவர்க் கணனித் தகடுகளில் "றெஜிஸ்ரேட்" என்ற வகை வீட்டுக் கணனிகளில் வேலை செய்யாது. மலிவு என்று வாங்கி அலுமாரியில் வைத்திருப்பவர்கள் இதை வாசிக்கும்போது தலையாட்டுவார்கள் என்று நினைக்கிறேன். டிடிஆர்3இலும் 1.5 வோல்ற், 1.35 வோல்ற் என இரண்டு உண்டு. சில மடிக்கணனிகள் 1.35 வோல்ற் தகட்டை மட்டுமே ஏற்கும். மதர்போட்டுக்கும் ஓர் உச்ச எல்லை இருக்கும், அதன் கைநூலில் பார்க்கலாம்.

சரியாகப் பாதியை மட்டும் காட்டும் ஒரு பழைய கதையும் உண்டு. 1998இல் வந்த இன்டெல் 440பிஎக்ஸ் மதர்போட்டுகளில், அடர்த்தி கூடிய சில்லுகள் கொண்ட 256 மெகாபைட் தகட்டைப் போட்டால் 128 என்றே காட்டும். தகட்டில் பிழையில்லை. அந்த அடர்த்தியை எண்ண அந்த மதர்போட்டுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இன்னுமொன்று: 2008இல் வந்த இன்டெல் நெஹலம் தொடக்கம், நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி புறொசெசருக்குள்ளேயே வந்துவிட்டது. ஆகவே பக்கத்துப் பக்கத்து ஸ்லொட்டுகள் சேர்ந்தாற்போல் செத்துக்கிடந்தால், புறொசெசரின் அடியிலுள்ள நுண்ணிய ஊசிகளில் ஒன்று வளைந்திருக்கலாம். அது நம் மேசை வேலையல்ல, கடைக்குக் கொண்டுபோங்கள்.

நல்லூர்ச் சைக்கிள் துண்டு

இப்போது விண்டோஸைப் பார்ப்போம். 8.00 என்று எழுதி, பாவிக்கக்கூடியது 3.24 என்றது. அதாவது புதிதாய் வந்த நான்கு கிகாபைட்டும் உள்ளே இருக்கிறது, ஆனால் விண்டோஸ் அதைத் தொடவில்லை. முன்பிருந்த அதே 3.24!

இதை விளங்க நல்லூருக்கு ஒரு நடை போவோம். திருவிழாக் காலத்தில் கோயிலைச் சுற்றியுள்ள வளவுகளில் சைக்கிள் பாதுகாப்பார்கள், நினைவிருக்கும். ஒரே எண் எழுதிய இரண்டு துண்டுகள். ஒன்று ஹான்டிலில், மற்றது நம் கையில். வளவுக்காரர் இரண்டு இலக்கத் துண்டு மட்டுமே அச்சடித்திருக்கிறார் என்று வையுங்கள். 00 தொடக்கம் 99 வரை நூறு துண்டுகள். வளவில் இருநூறு சைக்கிளுக்கு இடம் இருந்தாலும், எண் கொடுக்க முடியாததால் நூற்றொராவது சைக்கிளை அவரால் பொறுப்பெடுக்க முடியாது. இதில் இன்னொரு விடயம்: அந்த நூறு துண்டுகளில் கடைசி இருபதை, பக்கத்துத் தண்ணீர்ப்பந்தல் சாமான்களுக்கும் கச்சான் கடை வண்டிகளுக்கும் என்று முன்பே ஒதுக்கிவிட்டார். ஆகவே சைக்கிளுக்குக் கிடைப்பது எண்பது.

நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டுக்கும் இப்படி ஓர் எண் வேண்டும். 32 பிட் விண்டோஸ் கொடுக்கக்கூடிய எண்கள் இரண்டின் 32ஆம் அடுக்கு. அதாவது 4,294,967,296. நம் கணக்கில் சொன்னால் 429 கோடி 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. இதுதான் சரியாக 4 கிகாபைட். இந்த எண்களின் மேல்முனையில் ஒரு பகுதி, நினைவகத்துக்கு அல்லாமல், திரைக்குப் படம் அனுப்பும் கிறஃபிக்ஸ் பகுதி, ஒலி அட்டை, வலையமைப்பு அட்டை, பயோஸ் ஆகியவற்றோடு பேசுவதற்கு ஒதுக்கப்படுகிறது. அதுதான் தண்ணீர்ப்பந்தல் பங்கு. பெரிய கிறஃபிக்ஸ் அட்டை போட்ட கணனியில் இந்த ஒதுக்கம் கூடும். அதனால்தான் ஒரு வீட்டில் 3.5 என்றும், இன்னொரு வீட்டில் 3.24 என்றும், மற்றொன்றில் 2.75 என்றும் காட்டும். எல்லாம் ஒரே காரணம்.

இது விண்டோஸ் கண்டுபிடித்த குறையுமல்ல. 1981இல் ஐபிஎம் வெளியிட்ட முதலாவது பீசி 20 பிட் எண்ணோடு வந்தது. மொத்தம் 1,048,576 எண்கள், ஒரு மெகாபைட். அதில் மேலுள்ள 384 கிலோபைட் திரைக்கும் பயோஸுக்கும் ஒதுக்கப்பட்டு, நிரல்களுக்கு 640 மட்டும் கிடைத்தது. எண்பதுகளில் டொஸ் கணக்கியல் நிரல்களோடு மாரடித்த எங்கள் தலைமுறை அந்த 640ஐ மறக்காது. அதே கணக்கு நான்காயிரம் மடங்கு பெரிதாகித் திரும்பி வந்ததுதான் இந்த 3.24.

விவரம் தெரிந்த இளைஞர் யாராவது "32 பிட்டிலும் 36 பிட் எண் கொடுக்கும் வழி உண்டே, அங்கிள்" என்று கேட்பார். உண்டு. 64 கிகாபைட் வரை எண்ணலாம், விண்டோஸ் சேவர்ப் பதிப்புகள் சிலவற்றில் அது பாவனையில் இருந்தது. ஆனால் வீட்டுக் கணனிகளின் துணைக்கருவி நிரல்கள் பல அந்தப் பெரிய எண்களைக் கண்டு தடுமாறின. ஆகவே 2004இல் வந்த எக்ஸ்பி சேவிஸ் பக் 2இலிருந்து மைக்ரோசொஃப்ட் அந்தக் கதவை 4 கிகாபைட்டோடு பூட்டிவிட்டது. திறக்க முயலாதீர்கள், நன்மை இல்லை.

அடுத்த பக்கம் திரும்பினால் விடை அங்கேயே எழுதியிருக்கும். அபௌட் திரையில் "சிஸ்ரம் ரைப்" என்ற வரியைப் பாருங்கள். தம்பியின் கணனியில் அந்த வரி சொன்னது இது: இயங்குதளம் 32 பிட், புறொசெசர் 64 பிட்டுக்குரியது. அதாவது மாடு இரண்டு, வண்டியில் பூட்டியது ஒன்று. முன்பு 32 பிட் விண்டோஸ் 7 இருந்த கணனியை அப்படியே விண்டோஸ் 10க்கு உயர்த்தினால் அது 32 பிட்டாகவே தொடரும். யாரோ அப்படிச் செய்து, பிறகு இன்னொரு 4 கிகாபைட் தகடும் போட்டிருக்கிறார்கள்.

இதற்குத் தீர்வு 64 பிட் விண்டோஸைப் புதிதாகப் போடுவது. மேலேற்றிப் போடும் வழி கிடையாது, வன்தட்டைத் துடைத்துவிட்டுத்தான் போடவேண்டும். புது உரிமம் வாங்கத் தேவையில்லை. ஒரே பதிப்பாக இருந்தால் 32க்கு உள்ள உரிமமே 64க்கும் செல்லும். ஆனால் துடைக்குமுன் படங்கள், கடிதங்கள், விசாப் பத்திரங்களின் பிரதிகள் எல்லாவற்றையும் இரண்டு வெவ்வேறு இடங்களில் பிரதி எடுத்து, இன்னொரு கணனியில் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள். ஒரு யூஎஸ்பியில் மட்டும் எடுத்துவைத்து அது திறக்காமல் அழுதவர்களை நான் கண்டிருக்கிறேன். பழைய அச்சுப்பொறிக்கு 64 பிட் துணைநிரல் உண்டா என்றும் பாருங்கள். 16 பிட் காலத்து நிரல்கள் 64 பிட் விண்டோஸில் ஓடவே ஓடாது. பழைய கணக்கு நிரலையோ பழைய தமிழ்த் தட்டச்சு நிரலையோ இன்னும் நம்பியிருப்பவர்கள் இதை முதலில் யோசிக்கவேண்டும். பாமினி போன்ற எழுத்துருக்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. எழுத்துருக் கோப்பைப் பிரதி பண்ணிப் போட்டால் பழைய கடிதங்கள் பழையபடி திறக்கும்.

2019இல் நாங்கள் விண்டோஸ் 10இன் 64 பிட்டைப் போட்டோம். இன்று அதே வேலையைச் செய்கிறவர் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருகிறது, ஆகவே அதில் இந்த 3.24 பிரச்சினைக்கே இடமில்லை. ஆனால் பழைய புறொசெசர்களை அது ஏற்பதில்லை. அப்படியான கணனிக்கு லினக்ஸ் மின்ற் போன்ற இலவச 64 பிட் இயங்குதளம் போடலாம். கசெற் பதிய மட்டும் என்றால் இணையத்தைக் கழற்றிவிட்டு பழையதிலேயே வேலையை முடிக்கலாம். நான் அதைத்தான் சொல்வேன்.

தொங்கல் கணக்கில் மிஞ்சுபவை

64 பிட் போட்டபின் 8.00, பாவிக்கக்கூடியது 7.89 என்று காட்டியது. அந்த 0.11? தனிக் கிறஃபிக்ஸ் அட்டை இல்லாத கணனிகள் திரைக்கான நினைவகத்தைப் பொது நினைவகத்திலிருந்தே கடன் எடுக்கும். டாஸ்க் மனேஜரில் "ஹாட்வெயார் றிசேர்வ்ட்" என்ற வரியில் அந்தக் கணக்கு இருக்கும். சில கணனிகளில் இது ஒன்று, இரண்டு கிகாபைட் வரைகூடப் போகும். பயோஸில் குறைக்கலாம். நூறு மெகாபைட்டுக்காக யாரும் மினக்கெட வேண்டாம்.

64 பிட் போட்டும் 3.2 அளவிலேயே நிற்கிறதா? இரண்டு இடங்களைப் பாருங்கள். பயோஸில் "மெமரி றீமப்" என்று ஒரு தெரிவு சில பழைய மதர்போட்டுகளில் இருக்கும். அது தண்ணீர்ப்பந்தல் பங்குக்குக் கீழே மறைந்த நினைவகத்துக்கு நான்குக்கு மேலே புது எண் கொடுக்கும். அதைத் திறந்துவிடுங்கள். ஆனால் 2005இல் வந்த இன்டெல் 945 தொகுதிச் சில்லு உள்ள கணனிகளில் அந்த வசதியே கிடையாது. புறொசெசர் 64 பிட், விண்டோஸ் 64 பிட், இருந்தும் நான்கு கிகாபைட் போட்டால் மூன்று சொச்சம்தான். அதற்கு மருந்தில்லை.

மற்றது, எவரோ முன்பு நோண்டிவிட்ட ஒரு தெரிவு. விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அமத்தி, எம், எஸ், சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்ற எட்டு எழுத்துகளையும் இடைவெளியின்றித் தட்டுங்கள். வரும் பெட்டியில் பூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ் என்று போனால் "மக்சிமம் மெமரி" என்று ஒரு கட்டம். அதில் சரி அடையாளம் இருந்தால் எடுத்துவிட்டுக் கணனியை மீண்டும் தொடக்குங்கள். கணனியை வேகமாக்கும் இரகசியம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அங்கே எண் போட்டவர்கள் உண்டு. அது கூட்டும் இடமல்ல, குறைக்கும் இடம்.

விண்டோஸின் பதிப்பும் எல்லை போடும். விண்டோஸ் 7 ஸ்ராட்டர் 2 கிகாபைட்டுக்கு மேல் தொடாது. அதன் ஹோம் பேசிக் 64 பிட்டில் 8, ஹோம் பிறீமியம் 16. விண்டோஸ் 10 ஹோமில் எல்லை 128, ஆகவே நம்மில் யாருக்கும் அது தடையாகாது.

கடைசியாக ஒன்று. எண் சரியாகக் காட்டுவதால் நினைவகம் நல்லது என்று ஆகிவிடாது. பழுதான தகடு சத்தமில்லாமல் எழுத்தை மாற்றி எழுதும். பதிவு செய்யும் குரலிலும் அது புகுந்துவிடும். மெம்ரெஸ்ற் 86 பிளஸ் என்ற இலவச நிரலை யூஎஸ்பியில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரு சிவப்பு வரிகூட வரக்கூடாது. ஒன்று வந்தாலும் அந்தத் தகட்டை மாற்றவேண்டும், பேரம் கிடையாது. தம்பி வீட்டுக்குக் கொண்டுபோய் ஓடவிட்டு, அடுத்த நாள் காலை ஏழு மணிக்கே எனக்கு எடுத்தார். "ஒண்டும் வரேல்லை அண்ணை, துவங்கட்டோ?"

துவங்குங்கோ என்றேன். முன்பு குரல் அறுந்ததன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரக் கசெற்றை இரு தடப் பதிவாக, எடிற் செய்ய உகந்த 32 பிட் ஒலித் தரத்தில் பதிந்தால் 1.27 கிகாபைட் வரும். (இந்த 32 வேறு, மேலே சொன்ன 32 வேறு, குழம்ப வேண்டாம்.) 3.24 கிகாபைட்டுக்குள் விண்டோஸ், வைரஸ் தடுப்பு நிரல், திறந்து வைத்த இணையப் பக்கங்கள் எல்லாம் அடைந்திருக்கும்போது, இடம் போதாமல் கணனி வன்தட்டை நினைவகமாகப் பாவிக்கத் தொடங்கும். வன்தட்டு மெதுவானது. அது மூச்சு வாங்கும் அந்த ஒரு கணத்தில் வந்த ஒலி பதியப்படாமற் போகும். கசெற் நமக்காக நின்று காத்திருக்காதல்லவா?

மூன்று கிழமையில் பத்துக் கசெற்றுகளை ஒவ்வொரு தடவை மட்டும் ஓடவிட்டுப் பதிந்து முடித்தார். முதலாவது கசெற்றின் ஐந்து ஓட்டங்கள் கேட்கும்படியாகவே தெரிகின்றன, மேல்த்தொனி சற்று மங்கல். மற்றவை சுத்தம். தாயார் முருங்கைக்காய் விலை சொல்வதும், பின்னால் சேவல் கூவுவதும், யாரையோ "கதவைச் சாத்து பிள்ளை" என்பதும் கேட்கிறது. பதினோராவது கசெற்றில் நாடா உள்ளே அறுந்து சுருண்டு கிடந்தது. அதைத் திறந்து ஒட்டி எடுத்த விதத்தை அடுத்த மாத உரையில் சொல்கிறேன். அதுவரை அறுந்த கசெற் வைத்திருப்பவர்கள் பென்சிலை விட்டுச் சுற்றாமல் அப்படியே வைத்திருங்கள்.